பாப்பம்மா ஏறினால் கார்

உலகத்தில் எதைக் கொண்டுவந்து முன்னால் நிறுத்தினாலும், "இது ஆள் கணக்கா, சரக்குக் கணக்கா?" என்று கேட்ட ஒரே மனிதர் எங்கள் பிரேக்தான். கன்றுக்குட்டியை நிறுத்தினாலும் கேட்பார், கல்யாண மாப்பிள்ளையை நிறுத்தினாலும் கேட்பார். இரண்டையும் கேட்டிருக்கிறார், இரண்டுக்கும் நான் சாட்சி.

மோட்டார் வாகன இன்ஸ்பெக்டர்களை எங்கள் பக்கத்து டிரைவர்கள் 'பிரேக் இன்ஸ்பெக்டர்' என்பார்கள். வண்டி பிரேக் பிடிக்கிறதா என்று பார்த்து சர்டிபிகேட் கொடுப்பவர் என்று அர்த்தம். எங்களவருக்கு இன்ஸ்பெக்டர் என்ற வாலும் உதிர்ந்து வெறும் பிரேக் மட்டும் நின்றுவிட்டது. இத்தனைக்கும் அவருடைய சைக்கிளில் பிரேக் கிடையாது. வலது காலைத் தரையில் தேய்த்துத்தான் நிறுத்துவார். ஒரே வருஷத்தில் வலது செருப்பு நான்கு தேய்ந்தது, இடது செருப்பு ஒன்று. மிச்சமிருந்த மூன்று இடது செருப்புகளை என்ன செய்தார் என்று கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. இன்றுவரை அது ஒரு குறையாகவே இருக்கிறது.

அறுபதுகளின் கடைசி வருஷங்கள். ஓசூரைத் தாண்டி, மைசூர் ராஜ்யம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், ரோட்டோரத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒற்றை அறைதான் எங்கள் செக்போஸ்ட். மூன்று மேஜை, நான்கு நாற்காலி (அவற்றுக்குக் கால்கள் மொத்தம் பதினைந்து), ரோட்டுக்குக் குறுக்கே ஒரு மூங்கில். அவர் இன்ஸ்பெக்டர், நான் குமாஸ்தா. எல்லை தாண்டுகிற வண்டிகளைக் கார் ஒரு பத்தியிலும் லாரி ஒரு பத்தியிலுமாக எழுதுவது என் வேலை. கார் என்றால் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். லாரி என்றால் பர்மிட் வேண்டும், பில் வேண்டும், டிரைவருக்குத் துணையாக இரண்டு பேருக்கு மேல் ஏறக்கூடாது.

இரண்டு பத்தியோடு உலகம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்புறம் வேன் வர ஆரம்பித்தது.

வேன் என்பது முன்னால் பார்த்தால் கார், பின்னால் பார்த்தால் லாரி. அதில் ஜன்னல் இருக்கும், கண்ணாடி இருக்காது. சீட் இருக்கும், நான்கு போல்ட்டைக் கழற்றினால் இருக்காது. ஆள் ஏற்ற அமைந்த வண்டி ஒரு வகை, சரக்கு ஏற்ற அமைந்த வண்டி இன்னொரு வகை என்று சட்டப் புத்தகத்தில் இருந்தது. இரண்டையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு ஒருத்தன் வந்து நின்றால் என்ன செய்வது என்று தேடினால், அந்த இடத்தில் அத்தியாயம் முடிந்துவிட்டது. மற்ற இன்ஸ்பெக்டர்கள் தங்களுக்குத் தோன்றியதை எழுதி அனுப்பினார்கள். பிரேக்குக்கு அப்படித் தோன்றவே தோன்றாது. அவருக்கு நிரூபணம் வேண்டும்.

ஒரு நாள் எங்கள் முறையில் இருநூற்றுப் பன்னிரண்டு வண்டிகள் வந்தன. அதில் வேன் மூன்று. இருநூற்றொன்பது வண்டிகளுக்கு அரை நாள் ஆனது, மூன்று வேன்களுக்கு மீதி அரை நாள்.

அவருடைய சோதனை இப்படி: வேனின் பின்பக்கம் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு இருட்டில் ஐந்து நிமிஷம் உட்கார்வார். பிறகு ஒரு எவர்சில்வர் டம்ளர் நிறையத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லிப் பின்னால் வைத்து, புளியமரம் வரை வண்டியை ஓட்டித் திரும்புவார். பாதிக்கு மேல் சிந்தியிருந்தால் சரக்கு வண்டி, இல்லாவிட்டால் ஆள் வண்டி.

"உள்ள உக்காந்து என்னா பண்றாரு?" என்று டிரைவர்கள் என்னிடம் கேட்பார்கள்.

"வண்டிகிட்ட விசாரிக்கிறாரு."

"அதுக்குப் பதிலு சொல்லுதா?"

"உங்களவிட ஒழுங்கா சொல்லுதாம்."

மாப்பிள்ளை விஷயத்துக்கு வருகிறேன். காவேரிப்பட்டினத்திலிருந்து ஒரு கல்யாண வேன் வந்தது. சீர்வரிசைப் பாத்திரம் வைக்க இடமில்லாமல் சீட்டுகளைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார்கள். மாப்பிள்ளை கழுத்து மாலையோடு ஒரு பெரிய அண்டாவின் மேல் உட்கார்ந்திருந்தான். பிரேக் அவனைச் சுற்றிப் பார்த்தார். அண்டாவையும் தட்டிப் பார்த்தார்.

"சீட் இல்லை. அதனால இது சரக்கு வண்டி. மாப்பிள்ளை எந்தக் கணக்குல வர்றாரு?"

பெண்ணின் அப்பா பொறுமையாகச் சொன்னார்: "ரெண்டும் நாங்க வாங்கினதுதான் சார். ரெண்டையும் சரக்குன்னே எழுதிக்குங்க."

பிரேக் சிரிக்கவில்லை. வாங்கிய பில் இருக்கிறதா என்று கேட்டார். பாத்திரத்துக்கு இருந்தது. மாப்பிள்ளைக்கு இல்லை. மாப்பிள்ளை இறங்கி, பின்னால் வந்த பஸ்ஸில் மாலையோடு நின்றுகொண்டே பெங்களூர் போனான்.

இப்படிப்பட்டவரிடம்தான், எங்களுக்கு ராத்திரி முறை வந்த ஒரு வாரத்தில், அந்தோணியின் வேன் வந்து சிக்கியது.

அந்தோணி மத்திகிரிக்காரன். யாரோ வேண்டாம் என்று தள்ளிய பழைய வேனை வாங்கி, உள்ளே இரண்டு பக்கமும் நீளமாகப் பலகை அடித்திருந்தான். விடியற்காலையில் சுற்றுக் கிராமங்களிலிருந்து கீரையும் கொத்தமல்லியும் அவரையும் விற்கப் போகும் ஒன்பது பெண்களைப் பெங்களூர் மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போவான். ஆளுக்கு இரண்டு கூடை, மொத்தம் பதினெட்டு. அதற்கு முன்னால் அவர்கள் தேன்கனிக்கோட்டையிலிருந்து வரும் முதல் பஸ்ஸை நம்பியிருந்தவர்கள். கண்டக்டருக்கு மனசிருந்தால் கூடை கூரைமேல் ஏறும், இல்லாவிட்டால் கூடையும் அவர்களும் ரோட்டில். ஏழு மணிக்குள் மார்க்கெட்டில் இறங்காத கீரையை ஒன்பது மணிக்கு மாடுதான் தின்னும். அந்த வேன் வந்தபிறகுதான் ஒன்பது வீட்டிலும் தினசரி அடுப்பு எரிந்தது என்று அந்தோணி சொன்னான். கொஞ்சம் கூட்டிச் சொன்னாலும் அது பொய்யில்லை.

பிரேக் பின்கதவைத் திறந்தார். ஒன்பது பெண்களும் பதினெட்டுக் கூடைகளும் அவரைப் பார்த்தன.

"இந்த வண்டில போறது ஆளா, சரக்கா?"

கதவோரத்தில் இருந்த பாப்பம்மாதான் பதில் சொன்னாள். அந்தக் கூட்டத்துக்கு அவள்தான் தலைவி. உருவத்திலும் அப்படியே. தெலுங்கில் ஆரம்பித்து, தமிழில் திட்டி, கன்னடத்தில் முடிப்பவள்.

"ஏமி சாமி, கண்ணு தெரியலையா? மூச்சு விடறது ஆளு. விடாதது கீரை."

"அது தெரியுதும்மா. வண்டி எதுக்காகப் போவுது? உங்களுக்காகவா, கீரைக்காகவா?"

"கீரை இல்லன்னா நான் எதுக்குப் போறன்? நான் இல்லன்னா கீரை எப்பிடிப் போவும்?"

பிரேக் பேனாவை மூடிப் பைக்குள் வைத்தார். அவரோடு வேலை பார்த்த மூன்று வருஷத்தில் அவர் எழுதாமல் பேனாவை மூடியது அன்றுதான்.

விஷயம் என்னவென்றால், லாரி என்று எழுதினால் கூடை போகும், பெண்களில் இரண்டு பேர் போகலாம், ஏழு பேர் இறங்க வேண்டும். ஏழு பேர் காசு கொடுக்காத வண்டியை அந்தோணியால் ஓட்ட முடியாது. கார் என்று எழுதினால் ஒன்பது பேரும் போகலாம். கூடைகள் அவரவர் கையோடு கொண்டுபோகும் சாமான் ஆகிவிடும். ஒரே சொல்லில் எல்லாம் இருந்தது.

பிரேக் மேலிடத்துக்கு எழுதினார். பதில் வரும்வரை போகலாம் என்று தாற்காலிகச் சீட்டுக் கொடுத்தார். பதினோராம் நாள் பதில் வந்தது, ஒரே வரியில்: வண்டியின் பிரதான உபயோகம் எதுவோ அதன்படி வகைப்படுத்தவும்.

வேறு யாராக இருந்தாலும் அத்தோடு எதையாவது எழுதி முடித்திருப்பார்கள். பிரேக் அந்த ஒரு வரியை மூன்று நாள் வைத்துப் பார்த்தார். நான்காம் நாள் சைக்கிளிலிருந்து இறங்கும்போதே சொன்னார்: "தம்பி, பிரதானம்னா எது அதிகமோ அது. அதிகம்னா எடை. நிறுத்துப் பாத்துடலாம்."

"எதை சார்?"

"பொம்பளைங்க ஒரு பக்கம், கூடைங்க ஒரு பக்கம். மூணு நாள். எது ரெண்டு நாள் ஜாஸ்தியோ, வண்டி அது."

"டிரைவர் சார்?"

"டிரைவர் வண்டியோட ஒரு உறுப்பு. ஆள்ல சேராது."

அந்தோணி இதைக் கேட்டுத் தன் கைகால்களை ஒரு முறை பார்த்துக்கொண்டான்.

புளி மண்டியிலிருந்து மூட்டை நிறுக்கும் தராசு ஒன்று வந்தது. பெண்கள் ஏற மாட்டோம் என்றார்கள். மூட்டை நிறுக்கிற தராசில் பொம்பளையை ஏற்றுகிற கவர்ன்மென்ட் எங்கே இருக்கிறது என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். கடைசியில் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். முள்ளை நான் ஒருத்தன் மட்டும் பார்க்க வேண்டும், மொத்தத்தை மட்டும் சொல்ல வேண்டும், தனித்தனி எடையை உயிருள்ளவரை யாரிடமும் சொல்லக்கூடாது. மூன்று பேர் மாதா மேலும் ஐந்து பேர் மாரியம்மன் மேலும் என்னிடம் சத்தியம் வாங்கினார்கள். எட்டு எண்களும் எனக்கு இன்றும் மனப்பாடம். ராத்திரி போட்ட மாத்திரையைப் போட்டேனா என்று மறந்துபோகிற இந்த வயதிலும் அந்த எட்டும் நிற்கின்றன. சொல்ல மாட்டேன்.

பாப்பம்மா மட்டும் சத்தியம் கேட்கவில்லை. "என்னுத சத்தமா சொல்லு. ஊர்ல நான் ஒண்ணும் தின்றதில்லன்னு எங்க மாமியா சொல்லிகினு திரியறா. அவளுக்குக் கேக்கட்டும்" என்றாள்.

தொண்ணூற்று நான்கு.

முதல் நாள் பெண்கள் நானூற்று ஐம்பத்து நான்கு கிலோ, கூடைகள் நானூற்று நாற்பத்தெட்டு. ஆறு கிலோவில் அது கார். பெண்கள் குலவை போட்டுக்கொண்டு எல்லை தாண்டினார்கள்.

இரண்டாம் நாள் வினை வந்தது. மறுநாள் அமாவாசை. திருஷ்டி சுற்றிப் போட பெங்களூரில் பூசணிக்காய்க்குக் கிராக்கி. நான்கு கூடைகளில் கீரைக்குப் பதில் பூசணி இருந்தது. பெண்கள் நானூற்று ஐம்பத்தைந்து (கூடிய ஒரு கிலோ யாருடையது என்றும் சொல்ல மாட்டேன்), கூடைகள் நானூற்று எழுபத்தொன்று. அன்று அது லாரி; மூன்று நாளும் முடியட்டும் என்று போகவிட்டார்.

"நாளைக்கி நாலு கட்டு கீரை கொறைச்சு ஏத்துறோம் சாமி. சரியாப் பூடும்" என்றாள் பாப்பம்மா.

"அது பொய் எடைம்மா. தினம் எவ்வளவு கொண்டுபோவீங்களோ அவ்வளவுதான் கொண்டுவரணும். கட்டை எண்ணித்தான் உள்ள விடுவேன்."

"அப்ப நாங்க என்னாதான் பண்றது?"

அன்று மத்தியானம் பிரேக் சாப்பாட்டுக் கேரியரைத் திறக்கவில்லை. நான் அவருக்கு எதிரில் உட்கார்ந்து என்னுடையதைச் சாப்பிட்டேன். சங்கடமாகத்தான் இருந்தது, ஆனாலும் சாப்பிட்டேன். எனக்கு வேளை தப்பினால் வயிற்றில் எரிச்சல் வரும்.

கீரையைக் குறைக்கக்கூடாது என்றால் ஆளைக் கூட்டலாம் அல்லவா? அந்த யோசனை யாருக்கு வந்தது என்று கடைசிவரை ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. சாயங்காலம் எட்டு வீட்டிலிருந்தும் பாப்பம்மா வீட்டுக்குக் களியும் குழம்பும் போயின. எட்டு வீட்டுக் களியும் எட்டு விதக் குழம்பும் அவள் முன்னால் வரிசையாக நின்றன. மொச்சைக் குழம்பு மட்டும் மூன்று. "எல்லாரும் பொழைக்கணும், தின்னு" என்று சுற்றி உட்கார்ந்து ஊட்டியிருக்கிறார்கள். பாப்பம்மாவும் பொறுப்பை உணர்ந்து சாப்பிட்டிருக்கிறாள். பதினோரு உருண்டை என்றான் அந்தோணி. பதினான்கு என்றாள் அந்த எட்டுப் பேரில் ஒருத்தியான பக்கத்து வீட்டுக் கெம்பம்மா. சரியான எண்ணிக்கை எனக்குக் கிடைக்கவில்லை, வருத்தம்தான்.

மூன்றாம் நாள் காலை ஐந்தரைக்கு வேன் வந்தது. முதல் இரண்டு நாளைப் போலவே பிரேக் எங்கள் முறைக்கு இரண்டரை மணி முன்னதாக, என்னையும் கூட்டிக்கொண்டு வந்து தராசுப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். கதவு திறந்தது. கதவோரம் காலியாக இருந்தது.

"பாப்பம்மா எங்க?"

கெம்பம்மாதான் மெல்ல, "வவுத்தால போவுது சாமி. எந்திரிக்கவே முடில. நாங்கதான் கெடுத்துட்டோம்" என்றாள்.

"கூடை?"

"அறுத்த கீரைய என்னா பண்றது? எடுத்தாந்துட்டோம்."

ஆக, பதினெட்டுக் கூடை, எட்டுப் பேர். தராசில் ஏறியபோது ஒருத்தியும் என்னைப் பார்க்கவில்லை, முள்ளையும் பார்க்கவில்லை. கூடைகள் நானூற்று ஐம்பது. பெண்கள் முந்நூற்று ஐம்பத்தொன்பது. நான் கூட்டலை இரண்டு தடவை போட்டேன். மூன்றாவது தடவை கீழிருந்து மேலே போட்டேன். எப்படிப் போட்டாலும் தொண்ணூற்றொரு கிலோ குறைந்தது.

அந்தோணி வண்டிச் சாவியை எடுத்துப் பிரேக்கிடம் நீட்டினான். "வித்துடறன் சார். இவங்க மறுபடி பஸ்ஸுக்கு நிக்கட்டும்."

பிரேக் சாவியை வாங்கவில்லை. உள்ளே போனார். ராத்திரி முறை இன்ஸ்பெக்டரின் மேஜையில் ஒரு தாளை எடுத்து நான்கு வரி எழுதி, அவரிடமே கொடுத்துவிட்டு வந்தார்.

"தம்பி, நான் இன்னிக்கு லீவு" என்றார்.

சர்வீஸில் சேர்ந்து பதினேழு வருஷமாக அவர் ஒரு நாள் லீவு எடுத்ததில்லை. அவருடைய கல்யாணமே ஞாயிற்றுக்கிழமையில் நடந்ததாகச் சொல்வார்கள்.

"லீவுல என்ன சார் பண்ணப் போறீங்க?"

"பெங்களூர் போறேன். இந்த வண்டில" என்று சொல்லிச் செருப்பைக் கழற்றிவிட்டுத் தராசில் ஏறினார். சட்டைப்பையிலிருந்த பேனாவை எடுத்து என் கையில் கொடுத்தார். பேனா ஆள் கணக்கில் வராதாம்.

ஐம்பத்தொன்று.

பெண்கள் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார்கள். நான் மொத்தம் நானூற்றுப் பத்து என்றேன். இன்னும் நாற்பது குறைந்தது.

"இத்தினி வருஷம் சாப்பிட்டு வெறும் அம்பத்தொண்ணுதானா சாமி?" என்று ஒரு குரல் வண்டிக்குள்ளிருந்து வந்தது. யாரும் சிரிக்கவில்லை. பிரேக் தராசிலிருந்து இறங்கவும் இல்லை. என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் பெங்களூர்த் தண்ணீர் எனக்கு ஒத்துக்கொள்ளாது, பலகை சீட்டில் இடுப்பு பிடித்துக்கொள்ளும், வீட்டில் சொல்லிவிட்டு வரவில்லை என்று மூன்று காரணம் கைவசம் வைத்திருந்தேன். அவர் கேட்காததால் அந்த மூன்றும் வீணாகப் போயின. நானும் உள்ளே போய் ஒரு லீவு லெட்டர் எழுதினேன்.

என் எடை நாற்பத்தாறு. முள்ளைப் பிரேக் பார்த்தார். ஆள் நானூற்று ஐம்பத்தாறு, கூடை நானூற்று ஐம்பது.

"கார்" என்றார்.

அவர் பேனாவைத் திரும்ப வாங்கி எழுதிக் கையெழுத்துப் போட்ட கையோடு, நான் வேலை முடிந்தது என்று திரும்பினேன். அவர் என் முழங்கையைப் பிடித்தார். "எங்க போறே? நிறுத்துட்டு இறங்கிட்டா அது பொய் எடை. ஏறு."

ஏறினோம். பலகையில் இடம் பிடித்து உட்கார்ந்தபோது பிரேக்கின் மடியில் ஒரு கொத்தமல்லிக் கூடையை வைத்தார்கள். மூங்கில் உயர்ந்தது. எத்தனையோ ஆயிரம் வண்டிகளுக்கு அதை உயர்த்தச் சொன்னவர், அதன் அடியில் போனது அதுதான் முதல் தடவை. தலையைக் குனிந்துகொண்டார். குனிந்திருக்கத் தேவையே இல்லை.

மார்க்கெட்டில் பாப்பம்மாவின் இடம் காலியாகக் கிடந்தால் வேறு யாராவது உட்கார்ந்துவிடுவார்கள் என்று எங்களை அங்கே உட்காரவைத்தார்கள். முன்னால் அவளுடைய இரண்டு கூடைகள். ஒரு அம்மாள் வந்து கன்னடத்தில் கட்டு என்ன விலை என்று கேட்டாள்.

"விற்பனைக்கு இல்லைம்மா. இது பயணியோட சாமான்" என்றார் பிரேக்.

அந்த அம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு நகர்ந்தாள். அடுத்து வந்தவரிடமும் அதையே சொன்னார். நான்கு பேரை இப்படி அனுப்பியபிறகு கெம்பம்மா ஓடிவந்தாள்.

"என்னா சாமி பண்ற நீ?"

"விலைக்கு வித்தா அது சரக்கு ஆயிடும்மா. சரக்கு ஆயிட்டா காலையில நான் எழுதினது தப்பாயிடும்."

கெம்பம்மா இடுப்பில் கை வைத்தாள். "நீ கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பி நில்லு சாமி" என்றாள்.

பிரேக் எழுந்தார். அந்தப் பக்கம் திரும்பி நின்றார். எதிரே ஒரு வாழைக்காய்க் கடை. ஒரு மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் முதுகுக்குப் பின்னால் பாப்பம்மாவின் இரண்டு கூடையும் காலியாயின.

மறுநாளும் நாங்கள் விடியுமுன்பே போய் நின்றோம்; பாப்பம்மா கொஞ்சம் இளைத்து வந்தாள். வேன் நின்றதும் கதவைத் திறந்து, "எனக்கு பதிலு யாரு ஏறனது?" என்று கேட்டாள்.

"இந்த ரெண்டு பேரும்" என்றாள் கெம்பம்மா. "ரெண்டும் சேந்துதான் உன்னளவு வந்துச்சி."

பாப்பம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "சாப்பிடுங்க சாமி" என்று மட்டும் சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள். வேன் போயிற்று. பதிவேட்டில் அதற்குக் கார் பத்தி நிரந்தரமாயிற்று. நான் அங்கே இருந்தவரை அந்த வண்டியை யாரும் மறுபடி கேள்வி கேட்கவில்லை.

அன்று மத்தியானம்தான் லீவு லெட்டர்களைக் கோப்பில் சேர்க்க எடுத்தேன். என்னுடையதில் வயிற்று வலி என்று இருந்தது, சுத்தப் பொய். அவருடையதை எடுத்துப் பார்த்தேன். எழுத்தில் ஒரு பொய் வர விடாதவர், லீவுக்கு என்ன காரணம் எழுதியிருப்பார் என்று எனக்குக் கவலையாகவே இருந்தது.

'சொந்த வேலை' என்று எழுதியிருந்தார்.